அடக்கப் பதிவேட்டில் ஏழாவது கட்டம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். அதை நான் எழுதினேன். நான் எழுதியதற்குப் பங்குத்தந்தை சீல் வைத்தார்.

நீங்கள் என்றால், கோயில் காரியங்களைப் பார்க்கிற எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். திருவிழாத் தேரின் வடத்தை முதலில் பிடிக்கிறவர். எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு எண்ணெய்த் தொட்டி கழுவவும் துரு சுரண்டவும் ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர். பெயர் எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டும் என்று எர்ணாவூரில் யாரும் இல்லை. கம்பெனியின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

நான் எங்கள் பங்குக் கோயிலின் அலுவலகத்தில் பல வருடமாக உட்காருகிறவள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேட்டிலும் இருப்பது என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் மைக்கில் ஓலை வாசித்ததும் நான்தான். எங்கள் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமானால் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரையும் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்போம். அதற்குத்தான் ஓலை என்று பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். என் காலத்தில் ஒருவரும் எழுந்து வந்து எதையும் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் குடும்பம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்கூட ஆமென் சொல்லிவிட்டு வெளியே போய் டீக்கடையில் பேசுவார்கள். நானும் வாசித்து முடித்துப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவள்தான்.

செத்தவன் எங்கள் அன்பியத்துக்காரன். அதாவது எங்கள் தெருவில் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற இருபது குடும்பத்தில் ஒன்று அவனுடையது. இரண்டு பெண் பிள்ளைகள். உங்கள் ஆளாகத் தொட்டி கழுவப் போவான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தெருவில் நடக்கிற சிலுவைப்பாதைக்குச் சிலுவை தூக்குவதும் அவன்தான். பழைய தேக்குச் சிலுவை, கனம் அதிகம். வழியில் நின்று ஜெபிக்கிற பதினாலு நிலையில், மற்ற ஆண்கள் ஒரு நிலைக்கு ஒருவர் மாற்றிக்கொள்வார்கள். இவன் நாலு நிலை விடமாட்டான். மெயின் ரோட்டைக் கடக்கும்போது கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். இவன் சிலுவையோடு திரும்பிச் சொல்வான்.

“இன்னா மாமு, ஆண்டவர் போய்க்கினு கீறாரு தெரில? ஓரங்கட்டு.”

ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்னால் வருகிற எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். லாரிக்காரனும் சிரித்துவிடுவான்.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் வேன் அவன் உடம்பைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியது. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது என்றார்கள். டாக்டர் சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று அதில் போட்டிருந்தது. செத்தவன் எவனுக்கு இதயம் நிற்காமல் இருக்கிறது? போலீசுக்கு யாரும் போகவில்லை. போக விடாமல் உங்கள் ஆட்கள் நாலு பேர் தெருமுனையில் நின்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆண்கள் அவனைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிப் படுக்க வைத்தார்கள். நான் அவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சீப்பை எடுத்து அவன் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அழவில்லை. திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, மூணு தபா சோப்பு போட்டாங்க. வாசம் போவல. நீ மோந்து பாரு.”

நான் குனிந்தேன். மண்ணெண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை முடிக்குள் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சட்டை போட அவன் கையைத் தூக்கினபோது இரண்டு அக்குளுக்குக் கீழும் கயிறு அறுத்த தடம் கறுப்பாக இருந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எந்த இடத்திலும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம். ஒன்பது மணிக்கு நான் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், இறந்த நாள், கடைசிப் பூசுதல் பெற்றாரா என்று ஆறு கட்டம் நிரப்பியாகிவிட்டது. ஏழாவது கட்டம், இறப்பின் காரணம். நீங்கள் வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்தீர்கள்.

“இன்னாம்மா, எழுதியாச்சா?”

“காரணம் ஒண்ணுதான் பாக்கிண்ணா.”

“மாரடைப்புன்னு போடு.”

“தொட்டிக்குள்ள தானேண்ணா செத்தாரு?”

நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். குரலை இறக்கினீர்கள்.

“அத்த ஏன் கேக்குற. காலைலயே ஊத்திக்கினு வந்துட்டான். எறங்காதடான்னேன், கேக்கல. இப்ப நீ தொட்டி அது இதுன்னு எழுதினா, ஏன் வியுந்தான், இன்னாத்துக்கு வியுந்தான்னு நோண்டுவாங்க. ரெண்டு பொட்டப்புள்ள கீது அவனுக்கு. நாளைக்கு அதுங்களுக்கு நீ ஓலை வாசிக்கும்போது, குடிச்சிட்டுச் செத்தவன் பொண்ணுன்னு நாலு பேரு பேசுவான். உனுக்கு நல்லா இருக்குமா?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் எழுதினேன் என்பது யாருக்கும் புரியாது. எங்கள் பதிவேட்டில் மாரடைப்பு என்ற சொல்லுக்கு வேறு ஒரு வேலை உண்டு. ஒரு காலத்தில் தூக்குப் போட்டுச் செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் தனியாகத்தான் புதைப்பார்கள். மணி அடிக்க மாட்டார்கள். இப்போது அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அந்த வாய்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் எனக்கு முன் என் நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருமே இப்படிச் செய்திருக்கிறார்கள். தூக்கில் தொங்கின பெண்ணுக்கு மாரடைப்பு. மருந்து குடித்தவனுக்கு மாரடைப்பு. ஒயின்ஷாப் படியில் விழுந்து மண்டை உடைந்தவனுக்கும் மாரடைப்பு. பழைய பக்கங்களைப் புரட்டினால் இந்தப் பங்கில் நெஞ்சு வலி தவிர வேறு எதுவும் வந்ததில்லை என்று தோன்றும். எங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு, இவரை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். நானே நாலைந்து முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு மூடி வைத்திருக்கிறேன்.

அது உங்களுக்குத் தெரியும். பேரவையில் எத்தனையோ வருடம் இருக்கிறீர்கள், தெரியாமல் இருக்குமா? என் இரக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகப் பார்த்து அங்கே கையை வைத்தீர்கள்.

எழுதினேன். பங்குத்தந்தை வந்து கையெழுத்துப் போட்டார். மணி அடித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து நீங்களே அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பெண்ணுக்குத் தாலுகா ஆபீசில் விதவைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அடக்கப் பதிவேட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதி, பங்குத்தந்தையிடம் சீல் வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்தேன். அவளுக்காக அலைகிறாரே என்று உங்களுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

அந்த நகலை நான் மறுபடி பார்த்தது கல்யாண மண்டபத்தில். கம்பெனி இன்னும் இரண்டு தொட்டி கட்டப்போகிறது, அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் போலீஸ், வாசலில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும். மீனவர்கள் ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல் படிவதைப் பற்றிப் பேசினார்கள். வள்ளூரிலிருந்து வந்தவர்கள் குடிதண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவள் எழுந்தாள். அவள் எழுந்திருப்பாள் என்று எனக்கே தெரியாது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எம் புருசன் உங்க தொட்டிலதான் செத்தாரு. உள்ள காத்து நல்லா கீதான்னு யாரும் பாக்கல. பாத்துட்டு எறக்கியிருந்தா வூட்டுக்கு வந்துருப்பாரு. இப்ப அவுரு தம்பி அதே காண்ட்ராக்டருகிட்ட, அதே தொட்டிக்குத்தான் போய்க்கினு கீறாரு. வேற வேல கெடைக்கல. அவுருக்கும் ஊட்டுல கொழந்தைங்க கீது. எனக்கு நீங்க ஒண்ணும் தர வாணாம். செத்தது தொட்டிலன்னு ஒத்துக்கினு, இனிமே காத்து பாத்துட்டு எறக்குங்க. அத்த மட்டும் சொல்லுங்க.”

கம்பெனி ஆள் ஒருவர் ஃபைலைத் திறந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். அம்மாவின் துக்கத்தில் பங்கு கொள்கிறோம், ஆனால் எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு விபத்து நடக்கவில்லை, இறந்தவருக்கு வந்தது மாரடைப்பு, அவர்களுடைய கோயிலே சான்று கொடுத்திருக்கிறது என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“சர்ச் சீல் இருக்கேம்மா,” என்றார்.

எனக்குப் பின்வரிசையில் யாரோ ஒருவன் சொன்னான்: “கோயில்லயே எய்திட்டாங்க. அப்புறம் இன்னாத்த பேசறது, அது வேதவாக்காச்சே.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பிக் கூட்டத்துக்குள் தேடினாள். என்னைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தினாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீதானக்கா முடிய மோந்து பாத்த,” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்கப் போனேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. அன்றைக்குத் தொட்டியின் மேலே கயிறு பிடித்தவன் எங்கள் பங்குக்காரன் இல்லை, அம்மன் கோயில் தெருவில் இருக்கிறவன். செத்தவனின் தோஸ்து. காலை ஷிஃப்டுக்கு முன்னால் டீக்கடையில் இருப்பான் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

“வா அக்கா. பேனா எடுத்துக்கினு வந்தியா? எனக்கும் மாரடைப்பு எய்தப் போறியா?”

“எழுத வரலப்பா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவன் குடிச்சிருந்தானா?”

அவன் கிளாசைக் கீழே வைத்தான். “யார் சொன்னா?”

சொன்னேன்.

“அக்கா, அது உங்க தவக்காலம் தான? சாம்ப பூசிக்கினு வந்த நாள்லேர்ந்து அவன் கறி துன்னல, சரக்கு தொடல. நாங்க எத்தினி கலாய்ச்சோம். இன்னா மாமு, நேரா மோட்சத்துக்கு டிக்கெட் எடுத்துட்டியான்னு. மத்தியானம் சோத்துக்கே வர மாட்டான், தண்ணி குடிச்சிக்கினு ஒக்காந்துருப்பான். அவன் போயி குடிச்சானாம். நீ வேற நம்பிக்கினு வந்துட்ட.”

“உள்ள என்ன ஆச்சு?”

“கவுறு என் கைல இருந்துச்சு. ரெண்டு தபா இயுத்தா மேல தூக்குன்னு அர்த்தம். அவன் இயுக்கவே இல்ல. எறங்கி அஞ்சு நிமிசம் கூட இருக்காது. காத்து பாக்குற மெசினு ஒண்ணு கீது, அத்த நா போட்டோல பாத்ததோட சரி.”

“இதை வெளிய வந்து சொல்றியா?”

அவன் சிரித்தான். கோபமான சிரிப்பு. “எனக்கு ரெண்டு புள்ள கீது. நாளைக்கு வேன்ல ஏத்த மாட்டான். நீ சொல்லு. உனுக்கு இன்னா, எய்துற வேல போனா வேற வேல வரும். நீதான எய்தின.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உங்கள் மேல் இருந்ததைவிட என் மேல்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது. நான் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தவக்கால நோன்பு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கிறவள். அவன் சாவதற்கு நாலு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, காலியான வயிற்றோடு அவன் அந்தச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பின்னாலேயே நடந்து பார்த்தவள். குடித்தான் என்று நீங்கள் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூலிக்காரன் என்றால் குடித்திருப்பான் என்று எனக்குள்ளேயும் இருந்திருக்கிறது. சிலுவை தூக்கினவனை நம்பாமல் வடம் பிடிக்கிறவரை நம்பினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று முறை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஏழாவது கட்டம் அப்படியே இருந்தது.

ஆகவே அலுவலகத்தில் பங்குத்தந்தையிடம் நேராகவே பேசினேன். பதிவேட்டைத் திருத்த வேண்டும், நான் எழுதியது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“நினைச்ச மாதிரி திருத்த முடியாதும்மா. ஆயர் இல்லத்துல பிஷப்புக்கு எழுதணும். டாக்டர் சீட்டு வேற இருக்கு.”

“எழுதுங்க ஃபாதர்.”

“பேரவையில வெச்சுப் பேசிட்டு எழுதலாம்.”

“பேரவையில உங்க பக்கத்து நாற்காலில யாரு உக்காருவாங்க ஃபாதர்?”

அவர் மேசையில் இருந்த பூசைக் குறிப்புகளை அடுக்கினார். “கோயிலை இதுல இழுக்காதீங்கம்மா.”

“நான் இழுக்கல. அன்னிக்கு மண்டபத்துல சீலோட வந்து சாட்சி சொன்னது கோயில்தான்.”

அவர் கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்தபோது கோயிலைத் திறந்துவிட்டு எல்லா மதத்துக்காரர்களையும் பீடத்துப் படி வரை படுக்க வைத்தவர். அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டை தூக்கினார். தண்ணீரோடு சண்டை போடுவது வேறு, தன் பக்கத்து நாற்காலியோடு சண்டை போடுவது வேறு போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு ஓலைக் காகிதம் வேறு ஒரு பெண்ணின் கையில் இருந்தது. பங்கின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். வேலையை விட்டு இன்னும் நிறுத்தவில்லை. இதைப் படித்தபின் நிறுத்தட்டும்.

நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் வாசிப்பதைக் கேட்டேன். தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அவள் முடித்தாள். இத்தனை வருடம் அதை நான் எனக்கு எதிரே இருந்தவர்களைப் பார்த்தே வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்து வாசிக்கப்பட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது செத்தவனின் மனைவி, மாதா சிலை வைத்த கெபியருகே நின்றிருந்தாள். அவளே பேசினாள்.

“மழைக்கு முன்னாடி தொட்டி கழுவறாங்கக்கா. பேரு போட்டுட்டாங்க. கொழுந்தன் பேரு ரெண்டாவதா கீது.”

“எப்போ?”

“நடுவுல மூணு ஞாயித்துக்கெழமை கீது.”

நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பதிவேட்டை நான் தொடவில்லை. ஏழாவது கட்டத்தில் ஒரு கோடு கிழித்தால் போதும், பதிவேட்டில் கை வைத்தவள் என்று என்னைத் துரத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். அது பொய் என்று அதை எழுதினவள் சொல்கிறேன். எந்த மேடையில் கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். இதற்கு முன் இரக்கப்பட்டு எழுதினவற்றையும் நானே சொல்கிறேன். பேர் போனால் என் பேர் போகட்டும்.

இனி உங்களுக்கு. மைக் என் கையில் இல்லாததால் இதைத் தாளில் வாசிக்கிறேன்.

முதல் ஓலை. எர்ணாவூர்ப் பங்கைச் சேர்ந்த, இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், தவக்காலத்தில் சிலுவை தூக்கினவன், உங்கள் வேனில் ஏறிப் போய் உங்கள் கயிற்றில் வெளியே வந்தான். அவன் தம்பி அதே தொட்டிக்குள் இறங்கப் போகிறான். இதற்குத் தடை இருக்கிறது என்று நான் அறிவேன். நான் தெரிவித்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், ஓலை வாசிக்கிற அந்த மைக்கின் முன்னால் வந்து நில்லுங்கள். அவன் மனைவி முதல் பெஞ்சில் இருப்பாள், தம்பி அவள் பக்கத்தில் இருப்பான், நானும் இருப்பேன். அன்றைக்கு அவனை இறக்குவதற்கு முன் தொட்டிக்குள் இருந்த காற்றைச் சோதித்தீர்களா, இல்லையா? ஒரே கேள்விதான். பங்குத்தந்தையின் அறையில் சொல்ல வேண்டாம், பேரவையில் சொல்ல வேண்டாம், வக்கீலை வைத்துச் சொல்ல வேண்டாம். தேர் இழுக்கும்போது உங்களைப் பார்க்கிற அத்தனை பேர் முன்னாலும், உங்கள் வாயால், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள்.